மூலையைக் காட்டிய ஸ்டிக்

யாரும் தொடாமலே அது சாய்ந்தது.

கொக்கி இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான். மேஜை மேல் ஒரு மரப்பெட்டி. அதன் நடுவில் ஒரு சாண் உயரத்துக்கு இரும்புத் தண்டு. தண்டின் உச்சியில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு சிவப்புக் குண்டு. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரன் தூங்கித் தோளில் விழுவதைப் போல, அந்தக் குண்டு அவசரமே இல்லாமல் இடது பக்கம் சரிந்தது. திரையில் இருந்த கிரேனும் அதன் சொல்லைத் தட்டாமல், தொங்கிய பெட்டியை இடப்பக்கமாகவே கொண்டுபோய்ச் சுவரில் மோதியது. ‘பயிற்சி தோல்வி’ என்று எழுத்து வந்தது.

“பாத்தியா?”

“பாத்தேன்,” என்றாள் மனைவி. “அதைக் கழட்டிட்டு எழுந்திரிங்க. நான் கேள்வித்தாள் அடிக்கணும்.”

கம்ப்யூட்டர் அவளுடையது. பள்ளிக்கூடத்தில் கிளார்க் வேலை. பாதி வேலை வீட்டுக்கு வந்துவிடும். ஒரு வாரமாக அவளுடைய கம்ப்யூட்டரின் முதுகிலிருந்து வயர்கள் குடலைப் போல வெளியே தொங்கிக்கொண்டிருந்தன. அவள் பொறுத்துக்கொண்டாள். காரணம் அவளுக்குத் தெரியும்.

கொக்கி என்பது வேலை வைத்த பெயர். சரக்கு யார்டில் கிரேனுக்குக் கீழே நின்று, இறங்கி வரும் கொக்கியை லோடில் மாட்டிவிட்டுக் கையைத் தூக்கிக் காட்டுவதுதான் பதினான்கு வருஷமாக அவன் தொழில். மேலே கேபினில் இருப்பவனுக்கு ஒரு தும்மல் வந்தால் கீழே இருப்பவனுக்கு ஒரு விரல் போகும். அவனுக்கு அப்படி ஒன்று போயிருந்தது. இடது கைச் சுண்டுவிரல், பாதி. மேலே ஏறிவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டான். மேலே ஏற ஒரு பரீட்சை உண்டு. மூன்று வாய்ப்பு. மூன்றும் போனால் ஆயுசுக்கும் தரைதான், மிச்சம் ஒன்பதரை விரலோடு.

இந்த ஆறு மாதத்தில் இரண்டு போய்விட்டன. இரண்டிலும் ஒரே தப்பு. தரையில் வரைந்திருந்த கட்டத்துக்கு ஒரு முழம் வலப்பக்கமாகப் பெட்டியை இறக்கினான். கேபினிலிருந்து பார்த்தால் கயிறே கோணலாகத் தொங்கியது என்று அவன் சொல்லிப் பார்த்தான். கயிற்றை இழுப்பது பூமி, பூமிக்கு உன்மேல் தனியாக விரோதம் எதுவும் கிடையாது என்று தேர்வு நடத்திய அம்மாள் சொல்லிவிட்டுத் தாளில் ஒரு கோடு கிழித்தாள். மூன்றாவது பரீட்சைக்கு இன்னும் ஒன்பது நாள்.

யார்டில் கிரேனைத் தொடவிட மாட்டார்கள். சங்கத்து ஆள் ஒருவன் கிரேன் பயிற்சி புரோகிராம் ஒன்றைக் கொடுத்தான். அதை அம்புக்குறி விசைகளால் ஓட்டினால் கிரேன் ஒரேயடியாகப் பாயும், இல்லையென்றால் நிற்கும். நிஜ லீவர் அப்படியல்ல. ஒரு நூல் சாய்த்தால் ஒரு நூல் வேகம், இரண்டு நூல் சாய்த்தால் இரண்டு. கடையில் விற்கும் ஜாய்ஸ்டிக்குகளையும் போய்ப் பார்த்தான். எல்லாம் பிளாஸ்டிக், பல் குத்தும் குச்சிக்கு அண்ணன் மாதிரி.

அப்போதுதான் ரேடியோ மெக்கானிக் வழி சொன்னான். நாள் முழுக்க பற்றவைக்கும் ஈயத்தோடு வாழ்வதால் அவனுக்கு ஈயம் என்றே பெயர். மூடிப்போன கேம் சென்டர் ஒன்றின் மெஷின்கள் காயலாங்கடையில் கிடக்கின்றன, அதில் ஆகாய விமானம் ஓட்டும் மெஷினின் ஸ்டிக் அசல் இரும்பு, சாய்த்த அளவுக்குப் பதில் சொல்லும், கிரேன் லீவருக்குக் கூடப் பிறந்தது போல இருக்கும் என்றான். கொக்கி அன்றைக்கே போய்க் கழற்றிக்கொண்டு வந்தான்.

முதலில் அது வேலையே செய்யவில்லை. எப்படிப் பிடித்தாலும் திரையில் கிரேன் ஒரு ஓரத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. ஈயம் பெட்டியைத் திறந்து பார்த்துச் சிரித்தான். ஸ்டிக்குக்கு அடியில் இரண்டு வால்யூம் கன்ட்ரோல்கள் இருந்தன, ரேடியோவில் சத்தம் கூட்டிக் குறைக்கிற அதே சாமான். கேம் மெஷினில் இருப்பது ஐந்து கே, அதாவது ஐயாயிரம் ஓம் மின்தடை, மூன்று வயர். வீட்டுக் கம்ப்யூட்டர் எதிர்பார்ப்பது நூறு கே, இரண்டு வயர். ஸ்டிக் காதோடு ரகசியம் பேசுகிறது, கம்ப்யூட்டரோ பாதிச் செவிடு என்று ஈயம் விளக்கினான். நூறு கே இரண்டு வாங்கி, காம்பை அராவி, ஸ்டிக் நடுவில் நிற்கும்போது அதுவும் பாதிச் சுற்றில் நிற்கும்படி பொருத்தினான். கிரேன் அசைந்தது.

ஆனால் ஸ்டிக்கை அசைக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. கேம் சென்டரில் கண்டவனும் தொங்குவான் என்று உள்ளே லாரி ஸ்பிரிங் மாதிரி போட்டிருந்தார்கள். யார்டு லீவர் விரல் நுனிக்கு அசையும். கொக்கி பழைய ஸ்பிரிங்குகளைப் பிடுங்கிவிட்டு மெல்லிசாக நாலு போட்டான். போட்டுவிட்டுக் கையை எடுத்தான்.

சாய்ந்தது.

இதற்குத்தான் கேலிபரேஷன் இருக்கிறதே என்று அவன் அசரவில்லை. புரோகிராமில் அதற்குத் தனி இடம். ஸ்டிக்கை நான்கு மூலைக்கும் ஓட்டு, பிறகு கையை எடுத்து நடுவில் நிற்கவிட்டுப் பட்டனை அழுத்து என்று திரை சொல்லும். அவன் கையை எடுத்தான். ஸ்டிக் சாய்ந்து நின்றது. பட்டனை அழுத்தினான். அதுதான் நடு என்று கம்ப்யூட்டர் ஒப்புக்கொண்டது. கம்ப்யூட்டருக்கு ரோஷம் கிடையாது. எதை நடு என்றாலும் சரி என்று தலையாட்டும். அன்று மாலை முழுக்கப் பெட்டிகளைக் கட்டத்துக்குள் இறக்கினான்.

மறுநாள் மதியம் ஷிப்ட் முடிந்து வந்து உட்கார்ந்தபோது, நேற்றைய நடு இன்றைக்கு நடுவாக இல்லை. ஸ்டிக் இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் போயிருந்தது.

அவன் பென்சிலை எடுத்து, ஸ்டிக் சாய்ந்து நின்ற இடத்துக்கு நேராக மரப்பெட்டியில் ஒரு கோடு போட்டான். மறுபடி கேலிபரேஷன் செய்தான். அதற்கு மறுநாள் கோட்டைத் தாண்டியிருந்தது. இரண்டாவது கோடு போட்டான். அப்படியே நாலு கோடு ஆனது.

“யாராவது இதைத் தொட்டீங்களா?” என்று வீட்டில் கேட்டான்.

வீட்டில் இருந்தது மனைவியும் மாமனாரும்தான். மனைவியின் முகமே பதில். மாமனார் ரிட்டயரான பஸ் கண்டக்டர். முப்பது வருஷம் ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்று டிக்கெட் கிழித்தவர். இப்போது வீட்டுக்குள் நடக்கவே சுவரைப் பிடித்துக்கொள்கிறார். வயசாகிவிட்டது என்று அவராகவே சொல்லிக்கொள்வார்.

“நான் ஏன் மாப்பிள்ளை அதைத் தொடறேன்? அது மூஞ்சியே சரியில்ல,” என்றார்.

அதற்கு மூஞ்சி கிடையாது. இருந்தாலும் சொன்ன பிறகு கொக்கிக்கும் அந்தச் சிவப்புக் குண்டு ஒரு தலையாகத்தான் தெரிந்தது.

ஈயத்தைக் கூப்பிட்டான். தண்டு உரசுகிறது, உரசுகிற இடத்தில் மாட்டிக்கொள்கிறது, அதனால்தான் ஒரு பக்கம் நிற்கிறது என்று ஈயம் சொன்னான். சைக்கிள் பேரிங் குண்டுகளை உள்ளே போட்டு, மெஷின் எண்ணெய் விட்டு, ஸ்பிரிங்கை இன்னும் இளக்கினான். இப்போது பக்கத்தில் நின்று பெருமூச்சு விட்டால்கூட ஸ்டிக் அசையும் போலிருந்தது. ஈயம் பெருமையோடு கையை எடுத்தான்.

ஸ்டிக் ஒரு கணம் யோசித்தது. பிறகு இடப்பக்கம் சாய்ந்து, முன்பு போகாத தூரம் போய், நாலு கோட்டையும் தாண்டிப் படுத்துக்கொண்டது.

ஈயம் நிமிர்த்திவிட்டான். படுத்தது. மறுபடி நிமிர்த்தினான். படுத்தது. கம்ப்யூட்டர் வயரை உருவிவிட்டு நிமிர்த்தினான். அப்போதும் படுத்தது. அவன் சூட்டுக்கோலை ஆறக்கூட விடாமல் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தான்.

“என்னடா?”

“கோளாறா இருந்தா எனக்குத் தெரியும்டா. இது கோளாறு இல்ல. இது விருப்பம்.”

அதற்குப் பிறகு ஈயம் அந்த வீட்டுப் பக்கம் வரவில்லை. தெருவில் பார்த்தாலும் எதிர்ப்பக்கம் போய்விடுவான்.

கொக்கி ஸ்டிக்கைப் பையில் போட்டுக்கொண்டு காயலாங்கடைக்குப் போனான். கடைக்காரர் அதை வாங்கித் தன்னுடைய எடை மேடையில் வைத்தார். அது சிப்பாய் மாதிரி விறைப்பாக நின்றது. தட்டிவிட்டார். ஆடிவிட்டு மறுபடி நிமிர்ந்து நின்றது. கடைக்காரர் கொக்கியை மேலும் கீழும் பார்த்தார்.

பிறகுதான் அவர் கதையைச் சொன்னார். சோடாப்புட்டிக் கண்ணாடி போட்ட ஒரு மனுஷன் தினமும் கேம் சென்டருக்கு வருவானாம். அந்த ஒரே மெஷினில்தான் உட்காருவானாம். யாரோடும் பேச்சு இல்லை. ஒருநாள் விளையாடிக்கொண்டே இருந்தவன் அப்படியே இடப்பக்கமாகச் சாய்ந்து போய்விட்டான். பிடி மட்டும் விடவில்லை. திரையில் விமானம் இடப்பக்கமாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. கூட்டிப் பெருக்க வந்தவள் பார்க்கும்வரை யாருக்கும் தெரியாது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார்களாம்.

“இதை ஏன் விக்கும்போது சொல்லல?”

“நீங்க கேக்கலையே சார்.”

கடைக்காரர் இன்னொன்றும் சொன்னார். பொருளில் ஒன்றும் இல்லை, பாருங்கள், என் இடத்தில் எவ்வளவு ஒழுங்காக நிற்கிறது. அதற்கு உங்களை, இல்லையென்றால் உங்கள் வீட்டை, ரொம்பப் பிடித்துப்போயிருக்கிறது.

வீட்டுக்குக் கொண்டுவந்து மேஜையில் வைத்தான். சாய்ந்தது. அவனுக்குத் திடீரென்று ஒரு யோசனை வந்தது. பெட்டியையே அப்படியே திருப்பி வைத்தான். இடப்பக்கம் இழுக்கிற ஸ்பிரிங்கோ வால்யூம் கன்ட்ரோலோ காரணம் என்றால் இப்போது எதிர்த்திசையில் சாய வேண்டும்.

ஸ்டிக் திரும்பவில்லை. பெட்டிக்கு வலப்பக்கமாக, ஆனால் முன்பு சாய்ந்த அதே இடத்தைப் பார்த்துத்தான் சாய்ந்தது. பெட்டியைக் குறுக்காக வைத்தான். அதே இடம். பெட்டியைத் தரையில் வைத்தான், சமையலறை மேடையில் வைத்தான். எங்கே வைத்தாலும், எப்படித் திருப்பினாலும், சிவப்புத் தலை ஒரே திசைக்குத்தான் திரும்பியது. ஹாலின் ஜன்னல் மூலை.

அந்த மூலையில்தான் மாமனாரின் சாய்வு நாற்காலி. அதில்தான் மாமனார்.

அவர் பேப்பரைத் தாழ்த்திப் பார்த்தார். ஸ்டிக் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“மாப்பிள்ளை, அது என்ன என்னையே காட்டுது?”

“உங்களை இல்ல மாமா. அந்த மூலையை.”

“அந்த மூலையில நான்தானே இருக்கேன்?”

அவர் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்து, நாற்காலியைச் சமையலறைக் கதவோரமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். ஸ்டிக் அவர் பின்னால் திரும்பவில்லை. காலியான மூலையையே காட்டிக்கொண்டு நின்றது. அது இன்னும் மோசமாக இருந்தது.

மூலையில் ஒரு ஜன்னல் உண்டு. பக்கத்து மனையில் ஆறு மாதமாக ஏதோ கட்டுகிறோம் என்று பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். தூசிக்குப் பயந்து அதை மூடியே வைத்திருந்தார்கள். மூடிய ஜன்னல், கொஞ்சம் இருட்டு, சுவரில் ஒரு பல்லி. வேறொன்றும் இல்லை. ஆனால் மூன்று பேரும் அந்தப் பக்கம் போவதை நிறுத்திக்கொண்டார்கள். சமையலறை அலமாரிக் கதவு தானாகத் திறந்துகொண்டு ஆடியபோது, முன்பெல்லாம் தாழ்ப்பாளைத் திட்டுகிற மனைவி, இந்தத் தடவை மெதுவாக மூடிவிட்டு, கேட்கிறவருக்குக் கேட்கட்டும் என்பது போல, “கேள்வித்தாள் நாளைக்குக் கொடுக்கணும். அதுவரைக்கும் சும்மா இருங்க,” என்றாள். அவள் எதையும் நம்பாதவள். கேள்வித்தாள் விஷயத்தில் மட்டும் எந்தப் பக்கமும் பகை வைத்துக்கொள்ள மாட்டாள்.

மூலையை அடைத்துவிடுவது என்று மாமனார் யோசனை சொன்னார். அவருக்கு வந்த யோசனைகளிலேயே கனமானது அது. படுக்கையறையில் இருந்த இரும்பு பீரோவை மூவருமாகத் தள்ளினார்கள். நகர்த்தவே முடியாது என்று பயந்தார்கள். ஆனால் அது மூலையைப் பார்த்துத் தானாகவே போவது போல எளிதாகப் போனது. பீரோவுக்கு மேல் பழைய பாத்திர மூட்டையை ஏற்றி, பக்கத்தில் தையல் மெஷினையும் நிறுத்தி, மூலையை மூச்சுவிட முடியாதபடி அடைத்தார்கள்.

மறுநாள் ஸ்டிக், அதற்குள் அவன் போட்டிருந்த ஏழாவது கோட்டையும் தாண்டியிருந்தது.

இரண்டு நாள்தான் மிச்சம். கொக்கி ஒரு முடிவுக்கு வந்தான். பதினான்கு வருஷம் மேலே இருக்கிறவன் மூடுக்குத் தகுந்தபடி வேலை பார்த்தவன் அவன். இதுவும் அப்படி ஒரு சக தொழிலாளி, அவ்வளவுதான். கேலிபரேஷனை விட்டுவிட்டான். கண்ணாடிக்காரன் மூலைப் பக்கம் இழுத்தால், இவன் அதே அளவுக்கு எதிர்ப்பக்கம் பிடித்தான். பிடித்துப் பிடித்துப் பழகினான். தண்டுக்குள்ளிருந்து ஒரு பிடிவாதமான கை தன் கையைத் தள்ளுவது அவனுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அந்தக் கையோடு ஒரு உடன்பாடுகூட ஏற்பட்டுவிட்டது. கடைசி நாள் சாயங்காலம் நூறு பெட்டி இறக்கினான். நூறும் கட்டத்துக்குள்.

“நாளைக்கு நிஜ கிரேன்ல அந்த ஆள் இருக்க மாட்டாரே?” என்றாள் மனைவி.

அதை அவன் யோசித்திருக்கவில்லை.

காலையில் கிளம்பும்போது மாமனார் கதவில் மறித்துக்கொண்டு நின்றார். நீங்கள் இல்லாத நேரத்தில் அது இங்கே இருந்தால் நான் இருக்க மாட்டேன் என்றார். மனைவி அன்றைக்கு லீவு. மூன்று நாளாகத் தலை சுற்றல் என்று படுத்திருந்தாள். அவளும் எடுத்துக்கொண்டு போங்கள் என்றாள். கொக்கி ஸ்டிக்கைப் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டான். படியிறங்கும்போது திரும்பிப் பார்த்தான். மாமனார் ஒரு வாரத்துக்கப்புறம் முகத்தில் களையோடு, நாற்காலியைப் பழைய மூலைக்கு, பீரோவுக்குப் பக்கத்திலேயே இழுத்துக்கொண்டிருந்தார்.

யார்டில் பரீட்சை கிரேன் தயாராக நின்றது. தேர்வு நடத்தும் அம்மாள், தாள் செருகிய அட்டையோடு நின்றாள். அவளோடு மட்டக்காரர் ஒருவர் வந்திருந்தார். லோடு தூக்குமுன் கிரேன் சமமாக நிற்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்ப்பது அவர் வேலை. அவர் குனிந்து கண்ணாடிக் குழாயில் குமிழைப் பார்த்தார். “சரி,” என்றார். அன்றைக்கு அதுவரை அவர் பேசிய ஒரே வார்த்தை.

லோடு தூக்குமுன் முதலில் பார்க்க வேண்டியது என்ன என்று அம்மாள் கேட்டாள். நிற்கிற இடம் மட்டமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று கொக்கி மனப்பாடமாக ஒப்பித்தான். முழு மதிப்பெண். கேபினில் ஏறினான். இந்தத் தடவையும் கயிறு அவன் கண்ணுக்குக் கோணலாகத் தொங்கியது. லீவரைப் பிடித்தான். வழக்கமான இழுப்புக்காகக் கை தயாராக எதிர்ப்பக்கம் அழுத்தியது. இழுக்க ஆள் இல்லை. பெட்டி வலப்பக்கம் பாய்ந்து, கட்டத்துக்கு இரண்டு முழம் தள்ளி இறங்கியது.

அவன் இறங்கி வருவதற்குள் அம்மாள் கோடு கிழித்துவிட்டிருந்தாள். கெட்ட மனுஷி இல்லை. அவன் முகத்தைப் பார்க்காமல்தான் கிழித்தாள்.

தரைதான். ஆயுசுக்கும். அவன் பாதி விரலைப் பார்த்துக்கொண்டான். பிறகு என்ன நினைத்தானோ, பையைத் திறந்து ஸ்டிக்கை எடுத்து, கிரேனுக்குக் கீழே போட்டிருந்த இரும்புத் தகட்டின் மேல் வைத்தான். இதுதான் காரணம் என்றான். கேம் சென்டர், ஐந்து கே, நூறு கே, சோடாப்புட்டிக் கண்ணாடி, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தது, எல்லாவற்றையும் சொன்னான்.

ஸ்டிக் கம்பீரமாக நேராக நின்றது.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். காரணம் என்ற கட்டத்தில் பேய் என்று எழுதட்டுமா என்று அம்மாள் கேட்டாள். கிண்டலாகக் கேட்ட மாதிரியும் இல்லை.

“இங்க இப்படித்தான் நிக்கும் மேடம்,” என்றான் கொக்கி. “எங்க வீட்டுல வெச்சுப் பாருங்க. எப்படித் திருப்பி வெச்சாலும் ஒரே மூலையைக் காட்டும். தினமும் கொஞ்சம் கூடுது. கோடு போட்டு வெச்சிருக்கேன்.”

மட்டக்காரர் குந்தி உட்கார்ந்தார். ஒரு விரலால் சிவப்புக் குண்டைத் தட்டினார். அது ஆடி நிமிர்ந்தது. பெட்டியைத் திருப்பித் தட்டினார், நிமிர்ந்தது. பென்சில் கோடுகளை ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணினார். பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்துப் பெட்டியின் மேல் வைத்து, முதல் கோட்டின் அளவுக்கு ஸ்டிக் சாயும்வரை பெட்டியின் ஒரு ஓரத்தைத் தூக்கிப் பிடித்தார். குமிழைப் பார்த்தார். கடைசிக் கோட்டுக்குத் தூக்கினார். மறுபடி பார்த்தார். வழக்கமான அந்த ஒரு வார்த்தையை அவர் சொல்லவில்லை.

“இப்ப வீட்டுல யார் இருக்கா?”

“என் சம்சாரமும் மாமனாரும்.”

“போன் போட்டு ரெண்டு பேரையும் உடனே தெருவுக்கு இறங்கி வரச் சொல்லு தம்பி,” என்றார் மட்டக்காரர். “ஸ்டிக்ல ஒரு கோளாறும் இல்ல. சாஞ்சுக்கிட்டிருக்கறது உன் வீடு.”